பிலிம் கழுவியதும் கோளாறா? ஓரத்திலிருந்து தொடங்கும் பிழை நீக்கும் வழிமுறை

கழுவி முடித்த பிலிமை ரீலிலிருந்து பிரித்து விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்ததும், ஏதோ தவறு நடந்திருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். அந்தத் தவறு கேமராவுக்குள் நடந்ததா, டேங்குக்குள் நடந்ததா என்பதுதான் தெரியாது. குளியலறையில் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவத் தொடங்கிய காலத்தில் நான் ஒவ்வொரு முறையும் கேமராவைத்தான் சந்தேகித்தேன். ஒருமுறை நன்றாக இயங்கிக்கொண்டிருந்த கேமராவைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, அதில் ஒரு குறையும் இல்லை என்ற பதிலோடு திரும்பி வந்த பிறகே, செத்துப்போன டெவலப்பரை (பதிந்த படத்தைக் கறுப்பாக்கி வெளிக்கொணரும் கரைசலை) வைத்துக்கொண்டு மூன்று சுருள்களைப் பாழாக்கியிருக்கிறேன் என்பது புரிந்தது.

இந்த வழிமுறை 35 மி.மீ. கறுப்பு வெள்ளை பிலிமை, மூடிய டேங்கில், 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையில் வீட்டிலேயே கழுவுபவர்களுக்கானது. எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான்: படங்களைப் பார்ப்பதற்கு முன் பிலிமின் ஓரத்தைப் பாருங்கள். துளைகளை ஒட்டி அச்சிட்டது போலத் தெரியும் பிலிமின் பெயரும் ஃபிரேம் எண்களும் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, அவற்றைக் கறுப்பாக்கி வெளியே கொண்டுவருவது டெவலப்பர் மட்டுமே. ஆகவே ஓர எழுத்துகள் சரியாக இருந்தால் கேமராவையும், அவையும் கெட்டிருந்தால் கழுவும் முறையையும் விசாரிக்க வேண்டும். வேறு பயன்பாட்டுக்குத் தயாரித்த நீளமான சுருளிலிருந்து வெட்டி விற்கப்படும் சில பிலிம்களில் ஓர எழுத்துகள் இருப்பதில்லை. அப்போது, கேமராவில் மாட்டும்போது அறை வெளிச்சத்தில் நீட்டிக்கொண்டிருந்த நாக்குப் பகுதியைப் பாருங்கள். கழுவிய பின் அது கருகருவென்று இருக்க வேண்டும்.

## பிலிம் முழுவதும் கண்ணாடி போல வெறுமையாக இருக்கிறது

### ஓர எழுத்துகளும் இல்லை, நாக்கும் கறுக்கவில்லை

டெவலப்பர் வேலை செய்யவே இல்லை. முதலில் நினைத்துப் பார்க்க வேண்டியது எந்தப் புட்டியை முதலில் திறந்தோம் என்பதை. டெவலப்பருக்குப் பின் ஊற்ற வேண்டிய, படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சரை முதலில் ஊற்றிவிட்டால் அது ஒளிபட்ட வெள்ளி உப்பையும் படாத வெள்ளி உப்பையும் ஒருசேரக் கரைத்துவிடும், அதன் பிறகு எந்த டெவலப்பராலும் படத்தை மீட்க முடியாது. ஒரே அளவுள்ள இரண்டு பழுப்புப் புட்டிகளை வைத்துக்கொண்டு, ஒரு கையில் தொலைபேசியோடு கழுவிய ஒரு மாலையில் எனக்கு இது நேர்ந்தது. மூடியைத் திறந்ததும் ஒருமுறை முகர்ந்திருந்தால் போதும், காடியும் கந்தகமும் கலந்தது போன்ற நெடி அது ஃபிக்சர் என்று காட்டிக்கொடுத்திருக்கும். இப்போது என் ஃபிக்சர் சதுரப் புட்டியிலும் டெவலப்பர் உருண்டைப் புட்டியிலும் இருக்கின்றன, இருட்டில் தடவினாலும் தெரியும்.

வரிசை சரிதான் என்றால் அடுத்த சந்தேகம் டெவலப்பரின் வயது. பிலிமை ரீலில் ஏற்றும் முன் வெட்டியெறியும் நாக்குத் துண்டை எறியாமல், கலந்து வைத்த டெவலப்பரில் அறை வெளிச்சத்திலேயே போட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் அது நன்றாகக் கறுக்க வேண்டும், சாம்பல் நிறத்தோடு நின்றுவிட்டால் அந்தக் கரைசலைக் கொட்டிவிடுங்கள். டி-76 போன்ற தூள் டெவலப்பரைக் கரைத்து, காற்றிடம் இல்லாமல் நிரப்பி இறுக்கி மூடிய புட்டியில் வைத்தால் 6 மாதம் தாங்கும், பாதி காலியான புட்டியில் 2 மாதம்தான். நிறத்தை நம்ப வேண்டாம். ரோடினால் என்ற டெவலப்பர் காப்பிக் கஷாயம் போலக் கறுத்த பிறகும் வேலை செய்யும், ஆனால் வைட்டமின் சி சார்ந்த டெவலப்பர்கள் தெளிந்த நீராக இருக்கும்போதே செத்துப்போயிருக்கும். நாக்குச் சோதனைக்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடம். அதைச் செய்யாமல் முக்கியமான சுருளை டேங்கில் போடுவது என் பார்வையில் சூதாட்டம்.

### ஓர எழுத்துகள் தெளிவாக உள்ளன, படங்கள் மட்டும் இல்லை

கழுவியதில் தவறில்லை, பிலிமில் ஒளி படவில்லை. பெரும்பாலும் காரணம், பிலிமின் நாக்கு உருளையில் சரியாகப் பிடிக்காமல் நழுவிப்போய், 36 படங்களும் எடுத்துவிட்டதாக எண்காட்டி சொன்னாலும் பிலிம் அசையாமலே இருந்திருப்பதுதான். அடுத்த சுருளை மாட்டியதும், பின் சுற்றும் குமிழை அம்புக்குறியின் திசையில் மெதுவாகத் திருப்பித் தொய்வை நீக்குங்கள். பிறகு ஒவ்வொரு முறை லீவரைத் தள்ளும்போதும் அந்தக் குமிழ் தானாகச் சுழல்கிறதா என்று பார்த்தால் போதும்.

காட்சியை லென்ஸ் வழியாகக் காட்டாத ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் கேமராக்களில் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே சுருள் முழுவதையும் எடுத்து முடித்தவர்கள் உண்டு. இரண்டும் இல்லையென்றால், பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து வைத்து, ஷட்டரை 1 விநாடியில் வைத்து அழுத்தி, லென்ஸ் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். எந்த வேகத்திலாவது வெளிச்சமே தெரியாவிட்டால் ஷட்டர் திரைகள் சேர்ந்தே ஓடுகின்றன, திறப்பு விழவில்லை. இந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள், கேமரா பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

## பிலிம் முழுவதும் கறுத்துப்போயிருக்கிறது

ஓரமும் சேர்ந்து கறுத்திருந்தால் கழுவுவதற்கு முன் பிலிமின் மேல் வெளிச்சம் விழுந்திருக்கிறது. எவ்வளவு நீளம் கறுத்திருக்கிறது என்று பாருங்கள். கடைசியாக எடுத்த படங்கள் மட்டும் கறுத்து, முதலில் எடுத்தவை தப்பியிருந்தால், சுருளைத் திரும்பச் சுற்றாமல் பின்கதவைத் திறந்திருக்கிறீர்கள். எடுத்து முடித்த பிலிம் உருளையில் சுற்றிக்கொண்டே போவதால் புதிய படங்கள் வெளிப்புறத்திலும் பழைய படங்கள் உள்ளேயும் இருக்கும், வெளிச்சுற்றுகளே உள்ளிருப்பவற்றுக்குக் குடையாக நின்று காப்பாற்றிவிடும். முதல் ஃபிரேமிலிருந்து கடைசி வரை ஒரே சீராகக் கறுத்திருந்தால் டேங்கைச் சந்தேகியுங்கள். பிளாஸ்டிக் டேங்குகளில் ரீலின் நடுவே நிற்கும் குழாய் வெறும் தாங்குகோல் அல்ல, மூடியின் புனலோடு சேர்ந்து வெளிச்சத்தைத் தடுப்பதே அதன் வேலை. இருட்டுப்பைக்குள் அதை மறந்துவிட்டு மூடியைப் போட்டால் டேங்க் மூடியிருப்பது போலத்தான் தோன்றும், ஆனால் வெளிச்சம் நேராக உள்ளே இறங்கும். பைக்குள் பொருள்களை வைக்கும்போதே டேங்க், குழாய், ரீல், மூடி, கத்தரி என்று வாய்விட்டு எண்ணும் பழக்கம் எனக்கு அதனால்தான் வந்தது.

ஓரம் தெளிவாக இருந்து படங்கள் மட்டும் கறுத்திருந்தால் ஒளி மிகுந்துவிட்டது. பிலிமின் வேகத்துக்கும் (ஒளியை உணரும் திறனுக்கும்) கேமராவில் வைத்த ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கும் பொருத்தம் உண்டா என்று பாருங்கள். பொருத்தம் இருந்தால் லென்ஸைக் கழற்றி, எஃப்/16இல் அப்பர்ச்சர் இதழ்கள் சட்டென்று மூடுகின்றனவா என்று பாருங்கள். இதழ்களில் எண்ணெய் கசிந்து ஒட்டிக்கொண்டால் அவை மந்தமாக நகரும். அதை வீட்டில் துடைக்க முயன்று லென்ஸைத் திரும்பப் பூட்ட முடியாமல் போனவர்களில் நானும் ஒருவன். அது தொழில் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

## படங்கள் மெலிந்து, பேய் போலத் தெரிகின்றன

### ஓர எழுத்துகளும் மெலிந்துள்ளன

டெவலப்பர் போதிய வேலை செய்யவில்லை. செலவில்லாத காரணங்களிலிருந்து தொடங்குங்கள்: நேரம், வெப்பநிலை, கலவை. எச்பி5 பிளஸ் பிலிமை ஐ.எஸ்.ஓ. 400இல் எடுத்து ஐடி-11 டெவலப்பரில் கழுவினால், நீர் கலக்காத கரைசலில் 7½ நிமிடம், சம அளவு நீர் கலந்த கரைசலில் 13 நிமிடம் ஆகும். நீர் கலந்த கரைசலை ஊற்றிவிட்டு 7½ நிமிடத்தில் வெளியேற்றினால் கிடைப்பது இந்தப் பேய்ப் படங்கள்தான். 1+9 என்பது ஒரு பங்கு மருந்தும் ஒன்பது பங்கு நீரும், மொத்தம் பத்துப் பங்கு. இதைத் தவறாகப் படிப்பது நினைப்பதை விட எளிது.

வெப்பநிலையைப் பொறுத்தவரை, 20 டிகிரியில் 4 நிமிடம் தேவைப்படும் பிலிமுக்கு 23 டிகிரியில் 3 நிமிடமும் 16 டிகிரியில் 6 நிமிடமும் தேவை என்ற, பிலிம் தயாரிக்கும் இல்ஃபோர்டின் வழிகாட்டியை வைத்துக்கொண்டால் நடுவில் உள்ளவற்றைக் கணக்கிட்டுவிடலாம். வெப்பமான அறையில் கழுவுபவர்கள் நேரத்தைச் சுருக்கிக்கொண்டே போகாமல் 5 நிமிடத்துக்குக் கீழே இறங்காதபடி நிறுத்திக்கொள்வது நல்லது, அதற்கும் குறைவான நேரத்தில் ஊற்றுவதும் கொட்டுவதுமே படத்தில் திட்டுகளாகத் தெரியும். அப்போது அதிக நீர் கலந்த கலவைக்கு மாறினால் நேரம் மீண்டும் நீளும். வெப்பமானியே பொய் சொல்கிறதா என்று அறிய, நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த குவளையில் அதைச் சற்று நேரம் வையுங்கள், 0 டிகிரியைக் காட்ட வேண்டும். என் முதல் வெப்பமானி 3 டிகிரி காட்டியது. ஒரு பருவம் முழுவதும் என் படங்கள் ஏன் மெலிந்திருந்தன என்பதற்கு அந்த மூன்று டிகிரிதான் விடை.

இவை எல்லாம் சரியென்றால் டெவலப்பர் சாகும் தறுவாயில் இருக்கிறது. நாக்குச் சோதனையைச் செய்துவிட்டுப் புதிது கலந்துகொள்ளுங்கள்.

### ஓர எழுத்துகள் கறுப்பாக உள்ளன, நிழல் பகுதிகளில் மட்டும் ஒன்றுமே இல்லை

இது ஒளிக்குறைவு. இதை டெவலப்பரில் கூடுதல் நேரம் வைத்துச் சரிசெய்ய முடியாது. வெளிச்சப் பகுதிகள் மேலும் கறுக்குமே தவிர, பதியாத நிழல் பதிந்துவிடாது. முதலில் ஐ.எஸ்.ஓ. திருகியைப் பாருங்கள். பிறகு ஒளிமானியைச் சோதியுங்கள்: முழு வெயிலில், எஃப்/16இல், ஐ.எஸ்.ஓ. 400 பிலிமுக்கு ஏறக்குறைய 1/500 விநாடி என்று அது சொல்ல வேண்டும். ஒரு படி (ஒளி இரு மடங்காகவோ பாதியாகவோ) முன்பின் இருந்தால் கவலை இல்லை, இரண்டு படி தள்ளியிருந்தால் பேட்டரியைப் பாருங்கள். பழைய கேமராக்கள் பல, 1.35 வோல்ட் தரும் பாதரச பேட்டரிக்காக அமைக்கப்பட்டவை. அவை இப்போது கிடைப்பதில்லை. அந்த இடத்தில் அதே அளவுள்ள 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால் முள் நகரும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும், ஆனால் பல மாதிரிகளில் உண்மையை விடக் கூடுதல் வெளிச்சம் இருப்பதாகச் சொல்லி ஒளிக்குறைவான படங்களைத் தரும். 1.4 வோல்ட் தரும் சிங்க்-ஏர் பேட்டரி இதற்கு மலிவான மாற்று. காற்றுத் துளை திறந்த சில மாதங்களிலேயே அது தீர்ந்துவிடும் என்பதுதான் குறை. வோல்டேஜைக் குறைக்கும் அடாப்டர் அடுத்த படி. ஒளிமானியைச் சீரமைக்கக் கொடுப்பது கடைசிப் படி, கையடக்க ஒளிமானி ஒன்று கைவசம் இருந்தால் அந்தச் செலவே தேவைப்படாமல் போகலாம்.

## பிலிம் பால் படிந்தது போல மங்கலாக, அல்லது இளஞ்சிவப்பாக இருக்கிறது

கலங்க வேண்டாம், இந்தப் பட்டியலிலேயே முழுமையாகச் சரிசெய்யக்கூடிய கோளாறு இதுதான். பால் மங்கல் என்பது ஃபிக்சர் வேலையை முடிக்கவில்லை என்பதன் அடையாளம். பிலிமை மீண்டும் ரீலில் ஏற்றி, புதிய ஃபிக்சரில், அறை வெளிச்சத்திலேயே போடலாம். நாள்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், மிச்சமிருக்கும் வெள்ளி உப்பு வெளிச்சத்தில் மெல்லக் கறுக்கத் தொடங்கும்.

ஃபிக்சரைச் சோதிக்கவும் அதே நாக்குத் துண்டுதான், ஆனால் இம்முறை கழுவாத துண்டு. அதன் மேல் ஒரு சொட்டு ஃபிக்சரை விட்டு அரை நிமிடம் கழித்துத் துண்டு முழுவதையும் ஃபிக்சருக்குள் அமிழ்த்துங்கள். சொட்டு விழுந்த இடம் முதலில் தெளிந்து வட்டமாகத் தெரியும், சுற்றியுள்ள பகுதியும் தெளிந்து அந்த வட்டம் மறையும் வரை ஆகும் நேரத்தை எண்ணுங்கள். அதைப்போல இரண்டு மடங்கு நேரம் ஃபிக்சரில் வைக்க வேண்டும், டி-மேக்ஸ், டெல்டா போன்ற தட்டைத் துகள் பிலிம்களுக்கு மூன்று மடங்கு. ஃபிக்சர் புதிதாக இருந்தபோது ஆன நேரத்தைப் புட்டியின் மேலேயே எழுதி வையுங்கள், அது இரட்டித்த நாளில் கொட்டிவிடலாம்.

இளஞ்சிவப்பு அல்லது ஊதாச் சாயல் மட்டும் இருந்து பிலிம் தெளிவாக இருந்தால், அது பிலிமிலேயே இருக்கும் சாயத்தின் மிச்சம். டி-மேக்ஸ் பிலிம்களில் இது சாதாரணம். இன்னும் சில நிமிடம் ஃபிக்சரும் நீண்ட அலசலும் போதும், இலேசான சாயல் எஞ்சினாலும் படத்துக்குக் கேடில்லை. அலசுவதற்கு, டேங்கை நீரால் நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டி, மீண்டும் நிரப்பி 10 முறை, மீண்டும் 20 முறை என்ற இல்ஃபோர்டின் முறை நீரையும் மிச்சப்படுத்தும். பிலிமை ஊறவைத்துக் கொட்டும் முதல் நீர் பச்சையாகவோ நீலமாகவோ வந்தால் அது கோளாறே அல்ல, சில பிலிம்கள் அப்படித்தான் சாயம் விடும்.

## திட்டுகள், பட்டைகள், பிறைகள்

டேங்க் வேலையில் அதிகம் தடுமாற வைக்கும் பகுதி இது. ஒவ்வொன்றும் ஒரு கைப்பழக்கத்தின் தடம் என்பதால், அடையாளத்தின் வடிவத்தைக் கவனித்தாலே எந்தக் கை தவறு செய்தது என்று சொல்லிவிடலாம்.

### துளைகளிலிருந்து கிளம்பி படத்துக்குள் நீளும் கறுப்புப் பட்டைகள்

டேங்கை மூர்க்கமாக ஆட்டுகிறீர்கள். துளைகளின் வழியே டெவலப்பர் பாயும்போது அந்த வழியில் மட்டும் படம் கூடுதலாகக் கறுக்கிறது. சமமான வானம், வெறும் சுவர் போன்ற இடங்களில்தான் இது கண்ணில் படும், இலைதழை நிறைந்த படத்தில் ஒளிந்துகொள்ளும். முதல் 10 நொடியில் 4 முறை, பிறகு ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் 10 நொடியில் 4 முறை என்று மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். கவிழ்த்த டேங்கில் நீர் ‘களக்’ என்று இறங்கி முடியும் ஒலியைக் கேட்ட பிறகு நிமிர்த்துவது என் கணக்கு. இதற்கு நேர்மாறாக, ஆட்டவே மறந்துவிட்டாலும் வேறு வகைப் பட்டைகள் விழும்: மிகவும் கறுத்த இடத்திலிருந்து தீர்ந்துபோன டெவலப்பர் கீழே வழிந்து, அந்த வழி நெடுகிலும் படத்தை மெலியச் செய்யும்.

### ஒரு பக்க ஓரம் மட்டும் நெடுக மெலிந்திருக்கிறது

டெவலப்பர் பிலிமை முழுவதும் மூடவில்லை. பேட்டர்சன் டேங்கில் ஒரு 35 மி.மீ. ரீலுக்கு 290 மி.லி. தேவை, டேங்கின் அடியிலேயே அது அச்சிடப்பட்டிருக்கும். அளவு சரியாக ஊற்றியும் இது நேர்ந்தால், பெரிய டேங்கில் ஒற்றை ரீலைப் போட்டபோது அது நடுக்குழாயில் வழுக்கி மேலே ஏறியிருக்கும். மேலே ஒரு வெற்று ரீலைப் போட்டு அடைத்துவிடுங்கள், அல்லது டேங்கோடு வரும் பிடிப்பானை மாட்டுங்கள்.

### வெளிறிய சிறு வட்டங்கள்

நெகட்டிவில் வெளிறியும் பிரிண்டில் கறுத்தும் தெரியும் இவை காற்றுக் குமிழிகள் ஒட்டியிருந்த இடங்கள். ஒவ்வொரு முறை ஆட்டி முடித்ததும் டேங்கை மேசையில் இரண்டு தட்டு தட்டி வையுங்கள்.

### பிறை வடிவக் கறுப்புத் தடங்கள்

நகப்பிறை போன்ற இந்தத் தடங்கள் ரீலில் ஏற்றும்போது பிலிம் மடங்கிய இடங்கள். ரீலில் பிலிம் பாதி வழியில் சிக்கிக்கொண்டு, இருட்டில் பொறுமை இழந்து தள்ளும்போதுதான் பிலிம் மடங்குகிறது, ஆகவே உண்மையான கேள்வி ஏன் சிக்குகிறது என்பது. விடை அநேகமாக ஈரம். பிளாஸ்டிக் ரீலில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் பிலிம் அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு நகராது, இருட்டுப்பைக்குள் வியர்க்கும் கையே அந்த ஈரத்தைத் தரும். பிலிமின் முனையை இரு மூலைகளிலும் சிறிது வெட்டி மழுக்கிவிட்டு ஏற்றுங்கள், ரீலின் வரிப்பள்ளங்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள், கடைசி அலசலில் கலக்கும் ஈரமூட்டும் திரவத்தில் ரீலை ஒருபோதும் முக்காதீர்கள், அது காய்ந்து பள்ளங்களில் பிசினாகிவிடும்.

சிக்கிக்கொண்டால் செய்ய வேண்டியது ஒன்றே: பிலிமையும் ரீலையும் நடுக்குழாயோடு டேங்குக்குள் போட்டு மூடியைப் பூட்டிவிட்டு, கையை வெளியே எடுத்துக் கழுவித் துடைத்து, கால் மணி நேரம் வேறு வேலை பாருங்கள். டேங்குக்குள் பிலிம் பத்திரமாக இருக்கும். பலமுறை தோற்ற பிறகு ஒரு தேவையற்ற பிலிமைப் பகல் வெளிச்சத்தில், முதலில் கண்ணைத் திறந்தும் பிறகு மூடியும் இருபது முறை ஏற்றிப் பழகினேன். அதன் பிறகு பிறைகள் வரவில்லை.

### நடுவே ஒழுங்கற்ற வடிவத்தில் கழுவப்படாத திட்டு

ரீலில் அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் அந்த இடத்துக்கு டெவலப்பரும் ஃபிக்சரும் போகவில்லை. திட்டு பால் நிறத்தில் இருந்தால் மீண்டும் ஃபிக்சரில் போட்டுத் தெளிவாக்கலாம், ஆனால் அங்கிருந்த படம் திரும்ப வராது.

## ஒளிக்கசிவு போன்ற கறுப்புக் கீற்றுகள்

கீற்று துளைகளின் ஓரத்தையும் தாண்டிப் படர்ந்திருந்தால் கசிவு பின்கதவின் பக்கம். படச் சட்டத்துக்குள்ளேயே அடங்கியிருந்தால் லென்ஸ், ஷட்டர், கண்ணாடிப் பெட்டி ஆகியவற்றின் பக்கம். சுருளின் தொடக்கத்தில் மட்டும் இருந்தால் கேமராவில் கோளாறே இல்லாமல் இருக்கலாம், கடும் வெயிலில் பிலிமை மாட்டியிருப்பீர்கள். உங்கள் நிழலிலாவது திரும்பி நின்று மாட்டுங்கள்.

ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே இடத்தில் கீற்று விழுந்தால், கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பின்கதவைத் திறந்து, கழுவிய நெகட்டிவின் மங்கலான பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி, அது எடுக்கப்பட்டபோது இருந்த அதே நிலையில் படச் சட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கேமராவுக்குள் காட்சி தலைகீழாக விழுவதால், படத்தில் இருப்பவர்கள் தலைகீழாக நின்றால்தான் சரியாக வைத்திருக்கிறீர்கள். இப்போது கீற்று எந்த ஓரத்தில் தொடங்குகிறதோ, கதவின் அந்தப் பக்கத்துப் பள்ளத்தை விரலால் தொடுங்கள். அங்கே உள்ள பஞ்சுப் பட்டை தார் போலக் கறுத்து விரலில் ஒட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டார். உறுதி செய்துகொள்ள அடுத்த சுருளின் முதல் பாதியைக் கதவின் விளிம்புகளில் கறுப்பு நாடா ஒட்டியும், மறு பாதியை ஒட்டாமலும் எடுங்கள்.

பஞ்சை மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த குச்சியால் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அளவாக வெட்டிய புதிய பட்டையை ஒட்டுங்கள். சுரண்டும்போது உதிரும் துகள் ஷட்டர் திரையில் விழாதபடி கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் முதன்முறை இதைச் செய்தபோது பாதி மாலை போயிற்று, கைகளில் கறுப்பு இரண்டு நாள் போகவில்லை, ஆனால் கசிவு நின்றது.

கீற்றுக்குப் பதிலாகச் சட்டத்துக்குள் ஒரே இடத்தில் புள்ளிகளோ கோடுகளோ விழுந்தால், அதுவும் வெயிலில் நீண்ட நேரம் மூடியில்லாமல் தொங்கவிட்ட நாள்களில் மட்டும் விழுந்தால், துணித் திரையில் ஊசித்துளை இருக்கிறது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் சூரியனை நோக்கிய லென்ஸே பூதக்கண்ணாடியாகித் திரையைப் பொசுக்கிவிடும். திரையை மாற்றுவது நிபுணரின் வேலை, செலவும் அதிகம். மலிவான கேமராவாக இருந்தால் இன்னொன்று வாங்குவதுதான் சிக்கனம்.

கீற்று இல்லை, பிலிம் முழுவதும் ஓரத்தோடு சேர்ந்து சாம்பல் பூத்திருக்கிறது என்றால் அது பெரும்பாலும் காலாவதியான, வெப்பத்தில் கிடந்த பிலிம், அல்லது விமான நிலையச் சோதனையில் எக்ஸ்ரே பட்ட பிலிம். சரக்காக ஏற்றும் பெட்டியில் பிலிமை வைக்காதீர்கள், கைப்பையையும் சிடி ஸ்கேனரில் விடும் இடங்களில் கையால் சோதிக்கும்படி கேளுங்கள்.

## கீறல்களும் கறைகளும்

சுருள் முழுவதும் தண்டவாளம் போல ஓடும் நேர்க்கோடு கேமராவிலோ உங்கள் விரலிடுக்கிலோ பிறந்தது. விளக்கின் சாய்ந்த ஒளியில், கீறல் எந்தப் பக்கத்தில் என்று பாருங்கள். பளபளப்பான பக்கம் என்றால் பின்கதவில் உள்ள அழுத்தத் தகட்டில் மணல் ஒட்டியிருக்கலாம், மென்மையான துணியால் துடையுங்கள். மங்கலான பக்கம் என்றால், நீரை வழிக்க ஈரப் பிலிமை இரு விரல்களுக்கிடையே இழுத்தீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஈரத்தில் ஜெலட்டின் பூச்சு ஊறி மிருதுவாக இருக்கும், ஒரு துகள் போதும், 36 படங்களையும் உழுதுவிடும். இப்போதெல்லாம் நான் வழிப்பதே இல்லை. கடைசி அலசலை வாலை வடிநீரில் வைத்து, 500 மி.லி.க்கு 2.5 மி.லி. ஈரமூட்டும் திரவம் கலந்து, அரை நிமிடம் வைத்து, சற்றே சாய்வாகத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறேன். நுரை பொங்கினால் திரவம் அதிகம், அதுவும் காய்ந்து கறையாகும்.

பளபளப்பான பக்கத்தில் காய்ந்த நீர்த்துளிக் கறையை மீண்டும் அலசிப் போக்கலாம். பூச்சுப் பக்கத்தில் விழுந்த கறை பெரும்பாலும் போகாது.

## ஃபிரேம்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன, அல்லது பாதி ஃபிரேம் மட்டும் பதிகிறது

பாதி ஃபிரேம் பதிவது ஃபிளாஷ் பயன்படுத்திய படங்களில் மட்டும் என்றால் கோளாறு இல்லை. ஷட்டர் முழுவதும் திறக்கும் அதிகபட்ச வேகத்தை, துணித் திரை கேமராக்கள் பலவற்றில் அது 1/60, தாண்டி எடுத்திருக்கிறீர்கள். ஃபிளாஷ் இல்லாமலே 1/500, 1/1000 போன்ற வேகங்களில் மட்டும் ஒரு பக்கம் வெளிறிப்போனால் திரைகளின் ஓட்டம் தளர்ந்திருக்கிறது. பல ஆண்டுகள் அலமாரியில் தூங்கிய கேமரா என்றால் பிலிம் இல்லாமல் ஐம்பது அறுபது முறை இயக்கிப் பாருங்கள், சில நேரம் விழித்துக்கொள்ளும். விழிக்காவிட்டால், நிபுணரிடம் கொடுக்கும் வரை 1/125க்கு மேல் போகாமல் சமாளிக்கலாம்.

ஃபிரேம்கள் சீரற்ற இடைவெளியில் மேலேறி விழுந்தால், கேமராவின் அடியில் உள்ள பின்சுற்றுப் பொத்தான் உள்ளே அமுங்கியபடி நின்றுவிட்டதா என்று முதலில் பாருங்கள், பழைய பிசுக்கால் இது நேரும். அது சரியாக இருந்தால் பல்சக்கரமோ பிடிப்போ தேய்ந்திருக்கிறது, அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

பழுதுபார்ப்பவரிடம் போகும்போது கேமராவை மட்டும் கொண்டுபோகாதீர்கள். வெட்டாத நெகட்டிவ் சுருளையும், ஒவ்வொரு ஃபிரேமையும் எந்த ஷட்டர் வேகத்தில் எடுத்தீர்கள் என்ற குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். நான் ஒரு சுருளை இதற்கென்றே ஒதுக்கி, ஒரே சுவரை 1 விநாடியிலிருந்து 1/1000 வரை ஒவ்வொரு வேகத்திலும் இரண்டிரண்டு முறை எடுத்துக் கொடுத்தபோது, அவர் கேமராவைத் திறப்பதற்கு முன்பே அந்தச் சுருளை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, இரண்டாவது திரையின் இழுவிசைதான் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்.